பனி மையம் இல்லை, பனித்தண்டு

போன வாரம் ஒரு காணொளியில் மறுபடியும் அதே வரி: ‘அண்டார்டிகாவின் பனி மையங்கள் 8 லட்சம் ஆண்டுக் காலநிலையைச் சொல்கின்றன.’ கூட உட்கார்ந்து பார்த்த அக்கா மகன், “அங்க எத்தனை ஆய்வு மையம் இருக்கு மாமா?” என்றான். பத்தாவது படிக்கிற பையன். தப்பு அவன் மேல் இல்லை.

மொழிபெயர்த்தவர் பார்த்த சொல் ‘கோர்’ (core). ஆப்பிளின் நடுவில் விதையைச் சுற்றியிருக்கும் கெட்டிப் பகுதிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அதன் மூலம் எது என்று உறுதியாகத் தெரியவில்லை. சரி, அது நமக்கு முக்கியமும் இல்லை. துளைபோடுகிறவர்கள் அதை எதற்கு வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். பனியிலோ கடலடியிலோ உள்ளீடற்ற குழாயைச் சுழற்றி இறக்கினால் அதன் விளிம்பு வட்டமாக வெட்டிக்கொண்டே போகும். வெட்டுப்படாத உருளை குழாய்க்குள் ஏறி நிற்கும். அந்த உருளைதான் கோர். அரிசி மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆக, நடு என்பது குழாய்க்கு நடு. பனிக்கோ கடலுக்கோ நடு இல்லை.

மையம் என்பது ஒரு புள்ளி, அல்லது ஒரு கட்டடம். அதை அறுத்துப் பெட்டியில் அடுக்க முடியாது. ‘கரு’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் குழப்புகிறார்கள். ‘கடல்தரைக் கரு’ என்று படித்தால் சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் புவிக்கருதான் நினைவுக்கு வரும். ‘மாதிரி’ தப்பில்லை, ஆனால் போதாது. வாளியில் அள்ளிய சேறும் மாதிரிதான். அதில் மேல் எது, கீழ் எது என்று சொல்ல முடியாது. இந்த உருளையின் உயிரே அந்த வரிசையில்தான் இருக்கிறது. மேல்நுனி புதுசு, அடி பழசு. 1955இல் எமிலியானி என்ற ஆய்வாளர் கடலடி வண்டலில் கிடந்த ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகளை மேலிருந்து கீழாக வரிசையாக எடுத்து, ஆக்சிஜன்-18இன் அளவைப் பார்த்தார். அது ஆக்சிஜனில் கனமான வகை; குளிர்க் காலத்து ஓடுகளில் கூடுதலாக இருக்கும். கடுங்குளிர்க் காலங்களும் வெப்பக் காலங்களும் மாறி மாறி வந்தது அப்படித்தான் தெரிந்தது. வரிசை கலைந்திருந்தால் அவர் கையில் வெறும் ஓடுகள்தான் மிஞ்சியிருக்கும்.

நான் ‘தண்டு’ என்கிறேன். வாழைமரத்தின் மட்டைகளை உரித்து எடுக்கும் நீள உருளைக்கு நாம் வைத்த பெயர் அது. பனித்தண்டு, வண்டல் தண்டு, பாறைத்தண்டு என்று எதோடும் ஒட்டும். செடியில் வளர்வதுதானே தண்டு என்று ஒரு நண்பர் மறுத்தார். முதுகுத்தண்டு செடியில் வளரவில்லையே! ஆய்வுக் கப்பலில் வண்டல் தண்டை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு, மறு பாதி சேமிப்புக்கு. பிளந்த முகத்தில் கறுப்பும் சாம்பலும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். அந்தப் படத்தை ஒருதரம் பார்த்தவர் ‘மையம்’ என்று எழுதவே மாட்டார்.

எனக்குக் கோபம் அங்கேதான். பொருள் கையில் எப்படி இருக்கும் என்று கேட்காமல், அகராதியின் முதல் அர்த்தத்தை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு அறிவியலே புரியாத பாஷையாகிவிடுகிறது. அப்புறம் தமிழில் அறிவியல் எழுத வராது என்று பழி வேறு.

அந்த வரியை மாற்றி எழுதி அவனுக்குக் காட்டினேன்: ‘அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த பனித்தண்டுகளில் 8 லட்சம் ஆண்டுப் பழைய காற்று குமிழிகளாகச் சிக்கியிருக்கிறது.’ படித்துவிட்டு, “தண்டு எவ்வளவு நீளம் மாமா?” என்றான். மூன்று கிலோமீட்டருக்கும் மேல், துண்டு துண்டாக எடுத்தார்கள் என்றேன்.