வாட்ஜ் பேங்க்: வங்கியும் இல்லை, திட்டும் இல்லை

தேர்தல் நேரம். குளச்சலில் ஒரு வேட்பாளர் தோளில் மீன்வலையைப் போட்டுக்கொண்டு திறந்த ஜீப்பில் வந்தார். கச்சத்தீவு, இலங்கைக் கடற்படை, நாட்டுப் பாதுகாப்பு என்று முழங்கிவிட்டு, "வாட்ஜ் வங்கியையும் காப்போம்" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர், "அது எந்த ஊரு பேங்கு மக்ளே?" என்று என்னிடம் கேட்டார். நாற்பது வருடம் இந்தக் கடலில் தொழில் செய்தவர். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த 'வங்கி'யைக் கேட்பது இது முதல் தடவை இல்லை.

பேங்க் என்றால் ஆங்கிலத்தில் பணம் போடும் இடம் மட்டுமல்ல, மேடும்தான். கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கு அடியில் பரந்து கிடக்கும், மீன் கொழிக்கும் மேடுதான் வாட்ஜ் பேங்க். தமிழில் வங்கி என்றால் மேடு என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

சரி, 'வாட்ஜ் திட்டு' என்று சொல்லலாமே என்கிறார்கள் தனித்தமிழ் நண்பர்கள். தமிழ்தான், ஆனால் வங்கியைவிட ஆபத்தான சொல். திட்டு என்றால் தண்ணீருக்கு மேலே தலைகாட்ட வேண்டும். மணல்திட்டில் ஏறி நிற்கலாம்; இங்கே காலூன்ற ஒரு பிடி மண் கிடையாது. கேட்பவர் இன்னொரு கச்சத்தீவு என்றே நினைப்பார். அப்புறம் 'மீட்போம்' என்ற பேச்சு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மீட்க என்ன இருக்கிறது? கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. வாட்ஜ் பேங்க் 1976 மார்ச் 23 உடன்பாட்டில் இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது மீன்வளம் நமக்கே உரிமையான கடல்பரப்புக்குள் வந்தது. இலங்கைப் படகுகள் ஆறுக்கு மட்டும் மூன்று ஆண்டு அனுமதி, அதுவும் வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. கையில் இருப்பதைப் பறிபோனதாக நினைக்க வைக்கும் சொல் எவ்வளவு தூயதாக இருந்தும் என்ன பயன்?

நம்மிடம் சொல் இருக்கிறது: பார். கடலடியில் கிடக்கும் பாறைப் பரப்பு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த இடங்கள் முத்துப்பார். கருவி எதுவும் இல்லாத காலத்தில், மலை முகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்து, கரைக்கடலில் பார் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் நம் ஆட்கள். செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஒரு மீனவரிடம் கேட்டிருக்கலாம்.

பார் என்றால் சாராயக் கடை நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயம்தான். வாட்ஜ் கடற்பார் என்று எழுதுங்கள். அன்றைக்குப் பெரியவரிடமும் "தெக்கால கிடக்க பெரிய பாரு" என்றுதான் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.