வலது இடுப்பில் மட்டும் ஏன் வலிக்கிறது?

விடிகாலை மூன்று மணிக்கு வலது இடுப்பில் யாரோ கம்பியைச் செருகித் திருகுவதுபோல் ஒரு வலி. குப்புறப் படுத்தேன், மல்லாந்தேன், எழுந்து நடந்தேன், சுவரில் முதுகை அழுத்தி நின்றேன். எதற்கும் மசியவில்லை. "வாயுப் பிடிப்புடா" என்று அம்மா ஓமத் தண்ணீர் கொண்டுவந்தார். முந்தின நாள் தண்ணீர் கேனைத் தூக்கியிருந்ததால் நான் சுளுக்கு என்று நினைத்தேன். இருவர் கணக்கும் தப்பு. அது சிறுநீரகக் கல்.

துப்பு அப்போதே இருந்தது. தசையும் எலும்பும் தரும் வலி குனிந்தால் கூடும், ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் அடங்கும். உள்ளுறுப்பு தரும் வலிக்கு நாம் எப்படிப் படுத்தாலும் ஒன்றுதான். நூற்றுக்கு நூறு சரிவரும் விதி இல்லை இது. ஆனாலும் டாக்டர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆண்களுக்கு ஒரு பக்கமாக வரும் இடுப்பு வலியில் பெரும்பாலானவை தசைப்பிடிப்புதான். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, முதுகெலும்பின் இரு பக்கமும் பட்டையாக ஒரு தசை இருக்கிறது. வலது கையில் 20 லிட்டர் கேனைத் தூக்கினால் உடம்பு வலப்பக்கம் சாயப் பார்க்கும். சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடப்பக்கத்துத் தசை. அதனால் பாரம் ஒரு பக்கம், பிடிப்பு மறு பக்கம் என்று ஆவதுண்டு. நான் தூக்கியது வலது கையில், வலித்ததும் வலப்பக்கம். அதையாவது யோசித்திருக்கலாம்.

அடுத்தது, ஊரெல்லாம் 'ஜவ்வு விலகிடுச்சு' என்று சொல்லும் டிஸ்க் பிரச்சினை. உண்மையில் டிஸ்க் அப்படியே இடம்விட்டு நகர்வதில்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கின் வெளிப்புறம் நார் வளையம், உள்ளே ஜெல்லி. வளையம் கிழிந்தால் ஜெல்லி பின்பக்கமாகப் பிதுங்குகிறது. அங்கே நட்டநடுவில் ஒரு நார்ப்பட்டை மேலிருந்து கீழ்வரை முட்டுக்கொடுத்தபடி ஓடுகிறது. ஓரங்களில் அந்தக் காவல் கிடையாது. ஆகவே ஜெல்லி வலது ஓரமாகவோ இடது ஓரமாகவோதான் பெரும்பாலும் வழிதேடும். காலுக்குப் போகும் நரம்பு வெளியேறுவதும் அதே ஓரத்தில்தான். இருமினால், தும்மினால் பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை சுரீரென்று மின்சாரம் பாய்வது இதனால்தான். பிதுங்கிய டிஸ்க்தான் நரம்பை அழுத்துகிறது என்பதை 1934-ல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரைதான் மருத்துவ உலகத்தை நம்ப வைத்தது.

ஆண்களுக்கென்றே ஒரு தனிக் காரணம் உண்டு: பர்ஸ். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து மணிக்கணக்காக வண்டி ஓட்டினால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், பிட்டத்துக்குள் ஓடும் சுண்டுவிரல் பருமனான நரம்பும் நசுங்கும். கிரெடிட் கார்டுகள் அடைத்த பர்ஸால் வரும் கால் நரம்பு வலியைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1978-லேயே எழுதிவிட்டது.

இருபதுகளில் உள்ள ஓர் இளைஞனுக்கு பிட்டத்தில் வலி பக்கம் மாறி மாறி வந்து, காலையில் இடுப்பு இறுகி, நடந்தால் தேவலை, படுத்தால் மோசம் என்றால் அது முதுகெலும்பு மூட்டு வாதமாக இருக்கலாம். ஒரு பக்கத் தோல் மட்டும் எரிந்து, சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி.

சரி, கல்லுக்கு வருவோம். கல் குத்திக் கிழிப்பதால் வலிக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், உட்புறம் 3, 4 மி.மீ. அகலம். அதில் மூன்று இடங்கள் குறுகல்: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் வாய், தொடைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கடக்கும் இடம், பைக்குள் நுழையும் இடம். கல் இவற்றில் ஒன்றில் சிக்கினால் மேலே சிறுநீர் தேங்கி, அழுத்தம் ஏறி, சிறுநீரகத்தின் மேலுறை இழுபடுகிறது. வலி அந்த இழுப்பில். குழாயும் கல்லைத் தள்ளிவிட அலை அலையாகச் சுருங்கும். அதனால்தான் வலி ஏறி இறங்கி வருகிறது. அப்புறம் இன்னொரு வேடிக்கை. சிறுநீரகத்துக்கும் விரைக்கும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போய்ச் சேருவதால், மூளைக்கு இடம் குழம்பி விரையிலும் வலிக்கிறது.

கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்புக்கு மேலே கிருமி தொற்றியிருக்கும். அறுபதைத் தாண்டிய, சிகரெட் பழக்கமுள்ள ஆணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கல் வலி போல ஒன்று வந்தால், வயிற்றின் பெரிய தமனி வீங்கிக் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எந்த இடுப்பு வலியிலும் ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போய், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எனக்கு ஸ்கேனில் தெரிந்தது 4 மி.மீ. இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும் என்று சொல்லி வலி மாத்திரையோடு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் வந்தது. மிளகை விடச் சின்னது, பழுப்பு நிறம். காகிதத்தில் மடித்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அன்னைக்கு அந்தக் கத்து கத்தினே?" என்றார்.