அலர்ஜென்: ஒவ்வாமையூக்கியா, ஒவ்வாப்பொருளா?

பிறருக்குத் தீங்கு செய்யாத ஒன்றை ஒருவருடைய உடல் மட்டும் பகையாக எண்ணி எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பைத் தூண்டும் பொருள்தான் அலர்ஜென். உணவில் அது பெரும்பாலும் ஒரு புரதமாக இருக்கும். அலர்ஜென் நஞ்சும் அல்ல, கலப்படமும் அல்ல. நல்ல பால், நல்ல முட்டை, நல்ல எள் எல்லாம் அதில் அடங்கும். அதனால் உணவு விற்பனையில் குற்றம் பிறப்பது பொருளில் அல்ல, அது இருப்பதைச் சொல்லாமல் விட்டதில்.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார். கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். உடலின் எதிர்வினை மாறிப்போவதை, அது காப்பதானாலும் கெடுப்பதானாலும், அச்சொல்லால் அவர் குறித்தார். கெடுதல் என்ற பொருள் மட்டும் நிலைத்தது பின்னாளில். 'ஜென்' என்ற ஈறு, உண்டாக்குவது என்று பொருள்படும்.

தமிழில் வேர்ச்சொல் 'ஒவ்வு'. 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்' என்ற குறளடியில் 'ஒவ்வா' என்பது ஒன்றுபோல் இராமை. அதிலிருந்து பொருந்தாமை என்ற பொருளும் வந்தது. பேச்சில் 'பால் எனக்கு ஒத்துக்காது' என்கிறோம். பாலில் உள்ள சர்க்கரை செரியாமல் வயிறு உப்புவதற்கும் இதே சொல்தான், புரதத்தால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடுவதற்கும் இதே சொல்தான். முன்னது தொல்லை, பின்னது உயிராபத்து.

'ஒவ்வாமையூக்கி' நோயெதிர்ப்பியலுக்குச் சரியான சொல். சட்டத்துக்கும் லேபிளுக்கும் 'ஒவ்வாப்பொருள்' என்பதே பொருத்தம் என்பது எம் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதியும் அதைப் பின்பற்றிய பிரிட்டனும் வைத்திருக்கும், லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய 14 பொருள் பட்டியலில், கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருளும் இருக்கிறது. அது புரதமே அல்ல. கோதுமை போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்களால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் அலர்ஜி வகையைச் சேர்ந்ததல்ல. இவற்றையும் சேர்த்து அணைக்கும் அகலம் 'ஒவ்வா'வுக்கு உண்டு.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் உணவுத் தகவல் விதிகளின்படி, லேபிள் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் திருத்த அறிவிப்புதான் வரும். ஒவ்வாப்பொருளைச் சொல்லாமல் விடுவது மட்டும் நேரடியாகவே குற்றம். தீய எண்ணம் இருந்ததா என்று பார்ப்பதில்லை. உரிய கவனம் எல்லாம் எடுத்தேன் என்று காட்டுவதே தற்காப்பு, அதைக் காட்டும் சுமை விற்றவருடையது. வாய்ச்சொல் போதாது. சரக்கு தந்தவரின் உட்பொருள் விவரத்தாள், செய்முறை மாறிய தேதி, பழைய லேபிள் சுருள் அழிக்கப்பட்ட பதிவு, ஊழியர் பயிற்சிக் குறிப்பு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

கடையிலேயே செய்து பொட்டலமிட்டு விற்பவற்றுக்கும் முழு உட்பொருள் பட்டியல் வேண்டும் என்பது 2021 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ள, ஒவ்வாமையால் இறந்த ஒரு சிறுமியின் பெயரால் வழங்கும் 'நடாஷா சட்டம்'. பட்டியலில் ஒவ்வாப்பொருளின் பெயர் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனித்துத் தெரிய வேண்டும். பால் புரதமான 'கேசின்' என்பதை மட்டும் எழுதினால் தவறு, 'பால்' என்ற சொல் இருந்தாக வேண்டும். சோயா சாஸில் கோதுமை, மயோனைஸில் முட்டை என்று கூட்டுப்பொருளுக்குள் மறைந்திருப்பவைதான் அதிகம் விடுபடும்.

மரணம் நேர்ந்தால் வழக்கு லேபிள் விதியோடு நிற்காது. பாதாம் பொடிக்குப் பதில் விலை குறைந்த, நிலக்கடலை சேர்ந்த பொடிக்கு மாறிய உணவக உரிமையாளர் ஒருவருக்கு, மிகு கவனக்குறைவால் விளைந்த ஆட்கொலைக்காக 2016இல் இங்கிலாந்தில் ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கொட்டை வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். பொட்டலத்தின் மூடியிலும் 'கொட்டை இல்லை' என்றே எழுதியிருந்தது. சில வாரங்களுக்கு முன்பே இன்னொருவர் பாதிக்கப்பட்டு, அதிகாரிகள் எச்சரித்தும் இருந்தார்கள்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகளின் பட்டியலில் கடுகும் எள்ளும் இல்லை, பிரிட்டன் பட்டியலில் இரண்டும் உண்டு. இவை சேர்ந்த உணவை, இங்கே அச்சிட்ட லேபிளை அப்படியே ஒட்டி அங்கே விற்றால் அது குற்றமாகிவிடலாம்.

தமிழில் லேபிள் எழுதுவோர் 'கடலை' என்று மட்டும் எழுதவே கூடாது. கடலை மாவு என்றால் கொண்டைக்கடலை இனம், கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை. 'நிலக்கடலை' என்று முழுச்சொல்லாக எழுதுங்கள். 'கொட்டை' என்பதோடு நிறுத்தாமல் பாதாமா, முந்திரியா, அக்ரூட்டா என்றும் எழுதுங்கள்.