ஹைபிரிட் காரின் கியர் லீவரில் கை வைக்கும் முன்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, கையில் இருக்கும் காரையே இன்னும் பல வருடம் ஓட்டுவது என்று இலங்கையில் பலர் முடிவெடுத்துவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் தடை நீங்கியும், வரியோடு சேர்ந்த விலை பெரும்பாலானவர்களுக்கு எட்டவில்லை. ஆகவே இருக்கிற ரொயோட்டா பிரியஸுக்கும் ஹொண்டா வெசலுக்கும் சீற் உறை, பெரிய திரை, உள்விளக்கு என்று அலங்காரம் நடக்கிறது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, எங்கள் கராஜுக்கும் அது வருமானம்தான். ஆனால் "அண்ணை, இந்தக் கண்ணாடி நொப்பை மட்டும் போட்டுத் தாங்கோ" என்று, கியர் லீவரின் தலையில் இருக்கும் குமிழை மாற்ற வரும்போது, கொஞ்சம் பொறுங்கோ என்றுதான் சொல்வேன்.

அந்த லீவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸிலிருந்தே லீவருக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே கம்பியோ கேபிளோ கிடையாது. லீவரின் அசைவைக் காந்தத்தின் உதவியால் சென்சர்கள் படித்து, மின்னழுத்தமாகக் கணினிக்கு அனுப்புகின்றன. ஒரே அசைவை இரண்டு தொகுதி சென்சர்கள் சொல்லவேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி நம்பாது, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். நாங்கள் லீவரைத் தள்ளுவது ஒரு விண்ணப்பம் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் கேட்டால் பிரியஸ் பீப் சத்தத்தோடு மறுத்து நியூட்ரலுக்குப் போய்விடும். இன்னொன்று, அந்தக் கியர்பெட்டியில் ரிவர்ஸ் கியர் என்று ஒரு பல்சக்கரமே இல்லை. மோட்டரைப் பின்பக்கமாகச் சுழற்றினால் கார் பின்னே போகிறது. பார்க் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன மோட்டர் இரும்புக் கொளுவியைப் பல்லுக்குள் இறக்கிப் பூட்டுகிறது. இத்தனையும் பெரிய ஹைபிரிட் பற்றரியால் அல்ல, சின்ன 12 வோல்ட் பற்றரியின் தயவில் நடக்கிறது.

வெசலின் லீவர் பார்வைக்கு இதைப்போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இரட்டைக் கிளட்ச்சோடு ஏழு கியர்கள் உண்மையாகவே இருக்கின்றன. அதனால் பிரியஸ்காரர் சொன்ன யோசனையை வெசல்காரர் கேட்கவேண்டாம். ரொயோட்டா அக்குவா வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிவிடலாம். அதில் பார்க்கையும் லீவரையே தள்ளிப் போடும் பழைய முறைதான்.

இப்போது நொப்புக்கு வருவோம். இந்த லீவர் தள்ளி விட்டதும் தானாக நடுவுக்குத் திரும்பவேண்டும். அதற்கான ஸ்பிரிங், இலகுவான பிளாஸ்டிக் நொப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதன்மேல் கனமான, உயரமான கண்ணாடியையோ இரும்பையோ ஏற்றினால் லீவர் சோம்பலாகத் திரும்பும், குழியில் விழும்போது ஆடும். நொப்பில் அச்சிட்ட எழுத்துகள் அடுத்த தொல்லை. பிரியஸில் மேலே தள்ளினால் ரிவர்ஸ், கீழே இழுத்தால் டிரைவ். ஒன்லைனில் வரும் நொப்களில் வேறு கார்களின் வரிசையோ, சாதா மனுவல் கியரின் படமோ இருக்கும். உங்களுக்குப் பழகிவிடும். உங்கள் மகளுக்கோ, காரைக் கழுவி நகர்த்தும் பையனுக்கோ பழகாது.

வெளிச்சம் வரும் நொப்புக்கு மின்சாரம் வேண்டும். பக்கத்திலேயே லீவரின் கொனெக்டர் இருப்பதால் அதன் வயரைச் சுரண்டி அங்கேயே முறுக்கிவிடுகிறார்கள். எங்களிடம் வரும் கேஸ்களில் மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். உடனே எதுவும் நடக்காது. சில மாதம் கழித்து, வெயிலில் நின்ற காரில் எச்சரிக்கை விளக்கு எரியும், மாலையில் அணைந்துவிடும். பிழை தேடும் ஸ்கானரைக் குத்தினால் லீவர் சிக்னலில் பிழை என்று காட்டும். அதற்குள் யாரோ ஒருவர் கியர்பெட்டி போய்விட்டது, மோட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டரை மாற்றவேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருப்பார். நொப்பில் வெளிச்சம் வேண்டும் என்றால் சிகரெட் லைற்றர் சொக்கெற்றின் வழியில் தனிப் பியூஸோடு எடுங்கள், லீவரின் வயரைத் தொடவேண்டாம்.

பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து எடுக்க வழி செய்து தரச் சொல்பவர்களும் உண்டு. விசாரித்தால் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் பழுதாகியிருக்கும். அது மலிவான பொருள். அதை மாற்றினால் முடிந்தது. பாதுகாப்புப் பூட்டை வயரால் தாண்டும் வேலையை நான் செய்வதில்லை, வேறிடத்தில் செய்துகொண்டு வந்தால் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவேன்.

கதவைத் திறந்தால் தானாகப் பார்க் விழும் என்று ஓபிடி சொக்கெற்றில் (ஸ்கானரைக் குத்தும் இடம்) குத்தும் பெட்டிகளும் விற்கிறார்கள். இதன் பின்னால் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. 2016 ஏப்ரலில் பியட் கிறைஸ்லர் நிறுவனம் உலகம் முழுவதும் சுமார் 11 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அவற்றின் லீவரும் தள்ளியபின் நடுவுக்குத் திரும்பும் வகை. பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்துச் சாரதிகள் இறங்க, வாகனம் உருண்டது. அதே ஆண்டு ஜூனில் நடிகர் அன்டன் யெல்சின், அந்த அழைப்பில் அடங்கிய ஜீப் கிராண்ட் செரோக்கி ஒன்று சரிவில் உருண்டு நசுக்கியதில் லொஸ் ஏஞ்சலஸில் இறந்தார். திருத்தமாக நிறுவனம் தந்ததும் தானாகப் பார்க்குக்குப் போகும் மென்பொருள்தான். அப்படியென்றால் பெட்டி நல்லதுதானே என்று கேட்பீர்கள். நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பின்னால் அந்த வாகனத்திலேயே செய்த சோதனை இருக்கிறது. பெயரில்லாத பெட்டி எந்த நேரத்தில் எந்தக் கட்டளையை அனுப்பும் என்பதற்கு யார் பொறுப்பு? போதாததற்கு, கார் நிற்கும்போதும் அது பற்றரியைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பற்றரி என்றதும் ஒன்று. "லீவர் வேலை செய்யுதில்லை, புதுசு போடவேணும்" என்று வருபவர்களிடம் முதலில் பார்க்கவேண்டியது 12 வோல்ட் பற்றரியைத்தான். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அது பின்பக்க வலது மூலையில் இருக்கிறது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டவேண்டியது 12க்குக் கீழே கிடந்தால், பார்க்கைத் திறக்கும் மோட்டர் அசையாமல் போகலாம்.

ரிவர்ஸில் விடாமல் அடிக்கும் பீப் தலையிடி என்று ஸ்பீக்கர் வயரை வெட்டாதீர்கள். கியரை மறுத்த எச்சரிக்கையும் அந்த ஒலியில்தான் வருகிறது. ரொயோட்டாவின் ஸ்கானர் மென்பொருளில் அதை ஒரேயொரு பீப்பாகக் குறைக்கலாம், சில நிமிட வேலை.

நடுக் கொன்சோலை வீட்டில் கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் கீழே எயார்பேக் கணினி இருக்கிறது. பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, பிரியஸில் 90 செக்கனாவது, வெசலில் மூன்று நிமிடமாவது கழியும்வரை எதையும் தொடாதீர்கள். எயார்பேக்கின் மஞ்சள் கொனெக்டர்களை அப்படியே விடுங்கள்.

ஏற்கனவே நொப் மாற்றிவிட்டவர்கள், சமதரையில் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்தபடி ஒவ்வொரு நிலைக்கும் போட்டுப் பாருங்கள். லீவர் ஒவ்வொரு தடவையும் சட்டென்று நடுவுக்கு வருகிறதா, டாஷ்போர்டில் நீங்கள் கேட்ட எழுத்துத்தான் எரிகிறதா என்று கவனியுங்கள். ஒருமுறை தயங்கினாலும் பழைய நொப்பைப் போட்டுவிடுங்கள். எப்படியும் பழைய நொப்பை எறியாமல் டிக்கியில் வைத்திருங்கள். பிழை தேட வரும்போது நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.