கருத்தடை: சொல்லும் பொருளும்

கருவுக்குத் தடை என்று விரியும் இச்சொல், கரு உருவாகாதபடி முன்கூட்டியே தடுப்பதைக் குறிக்கும். உருவான கருவை நீக்குவது கருக்கலைப்பு. செய்தித்தாள்கள்கூட இரண்டையும் சில நேரங்களில் மாற்றி எழுதிவிடுவது வருந்தத்தக்கது.

1914-இல் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் 'பர்த் கன்ட்ரோல்' என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். தமிழில் 1930-களில் பெரியார் 'கர்ப்பத்தடை' என்று எழுதினார். தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமை தீரவும் மற்றவர்கள் அதை ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்கே அது வேண்டும் என்று வாதிட்டவர் அவர். வடசொல்லான கர்ப்பத்தின் இடத்தில் 'கரு' வந்தமர்ந்ததே இன்றைய கருத்தடை.

இந்திய அரசு 1952-இல் தொடங்கிய திட்டத்தோடு 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயர் ஊரெங்கும் பரவியது; பத்திரிகைகள் அதைக் 'கு.க.' என்றே சுருக்கின. நெருக்கடி நிலைக்காலத்துக் கட்டாய அறுவை சிகிச்சைகளால் அப்பெயர் கசந்துபோன பின், 1977-இல் அரசு 'குடும்ப நலம்' என்று மாற்றிக்கொண்டது.

பழைய வடஆர்க்காட்டுப் பேச்சிலோ 'குடும்பக் கட்டுப்பாடு' என்றால் பெண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷன் மட்டுமே. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமச் செவிலியர், "குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கினியாம்மா?" என்று கேட்டால், கருப்பைக்குள் காப்பர்-டி என்னும் கருத்தடைச் சாதனம் போட்டிருக்கும் பெண்ணும் "இல்லக்கா" என்றே சொல்லக்கூடும். மாத்திரை, ஆணுறை, ஆணுக்கான அறுவை சிகிச்சை எல்லாம் அப்பேச்சில் மறைந்துவிடுகின்றன. முறைகள் அனைத்தையும், ஆணின் பொறுப்பையும் சேர்த்து, உள்ளடக்கும் சொல் கருத்தடையே. பதிவேட்டிலும் பேச்சிலும் அதுவே நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தைக் 'கருத்தடை வளையம்' என்கிறோம். 1920-களில் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் உருவாக்கியது உண்மையிலேயே வளையம்தான். 1965-இல் இந்தியாவுக்கு வந்த லிப்பஸ் லூப்போ, பாம்புபோல் நெளிந்த பிளாஸ்டிக். அடுத்து வந்த காப்பர்-டி, ஆங்கில 'டி' எழுத்தின் வடிவிலானது. தண்டில் சுற்றிய செம்புக் கம்பியிலிருந்து கசியும் செம்பு, விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே 'செம்புக் கருத்தடைச் சாதனம்' என்பதே பொருந்தும்; பேச்சில் காப்பர்-டி என்பதை மாற்றத் தேவையில்லை.

1968-இல் அரசு மலிவு விலையில் பரப்பிய ஆணுறைக்கு இட்ட 'நிரோத்' என்ற பெயரும் தடுத்தல் என்னும் பொருள் தரும் வடசொல்லே. பின்னர் வழக்கில் ஊன்றிய 'ஆணுறை' எல்லோருக்கும் விளங்குகிறது.