மங்கும் கண்ணுக்கு எந்தக் கைக்கடிகாரம்?

பார்வை மங்கத் தொடங்கியவர்கள் உயர்விலைக் கைக்கடிகாரம் வாங்கப் போகும்போது பெரும்பாலும் கேட்பது பெரிய டயலைத்தான். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து 46 மி.மீ. அகலக் கடிகாரத்தை வாங்கிய பிறகும் மணி பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் முட்களின் அகலத்திலும், முட்களுக்கும் டயலுக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டிலும் இருக்கிறது.

இளமையில் கண்ணின் வில்லை நெகிழ்வாக இருப்பதால், அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது அது தடித்து, பிம்பத்தை விழித்திரையில் கூர்மையாக விழச் செய்கிறது. வயது ஏற ஏற வில்லை இறுகுகிறது. நாற்பதுகளில் வெள்ளெழுத்து தொடங்குகிறது. அறுபதில் அந்தத் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. தூரப்பார்வை சரியாக உள்ள அறுபது வயதுக்காரர் ஒருவர் கண்ணாடி அணியாமல் 40 செ.மீ. தொலைவில் தம் மணிக்கட்டைப் பார்த்தால், டயலின் ஒவ்வொரு புள்ளியும் அவருடைய கண்மணியின் விட்டம் அளவுக்குப் பரவிய ஒரு வட்டமாகத் தெரியும். வீட்டு வெளிச்சத்தில் அந்த விட்டம் 3 மி.மீ. என்று கொள்வோம். அரை மி.மீ. அகலமுள்ள மெல்லிய முள் அந்த வட்டத்துக்குள் கரைந்து, அதன் வெளிச்ச வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கண்ணுக்கு மிஞ்சும். 2 மி.மீ. அகலமுள்ள முள்ளில் முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சும். வெயிலில் கண்மணி 2 மி.மீ. ஆகச் சுருங்கும்போது மெல்லிய முள்ளுக்கும் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது. வாசலில் நன்றாகத் தெரிந்த மணி கூடத்துக்குள் வந்ததும் மங்கிப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதே கணக்கு டயலின் அளவைப் பற்றியும் பேசுகிறது. நிமிடக் கோடுகள் மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால், அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1.6 மி.மீ.; டயலைப் பெரிதாக்கி அவற்றை 17 மி.மீ. தள்ளி வைத்தாலும் 1.8 மி.மீ.தான். 3 மி.மீ. மங்கலில் இரண்டுமே சாம்பல் வளையமாகிவிடும். மணிக் குறிகளோ ஒன்றுக்கொன்று சுமார் 8 மி.மீ. தள்ளி நிற்பதால் தப்பிவிடுகின்றன. கண்ணின் இன்னொரு திறமையும் இங்கே கைகொடுக்கிறது: மங்கிய கோடு இரு பக்கமும் ஒரே அளவில் விரிவதால், அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்பது மாறுவதில்லை. நாம் மணியை எண்களைப் படித்து அறிவதைவிட முட்களின் கோணத்தைக் கொண்டே அறிகிறோம். ஆகவே நெருக்கமான எண்களைவிட, தடித்த மணிக் குறிகளும், குறிவளையத்தைத் தொடும் அளவு நீண்ட நிமிட முள்ளும், அதிலிருந்து நீளத்திலும் வடிவத்திலும் தெளிவாக வேறுபடும் மணி முள்ளும் மிகுந்த பயன் தரும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், பிரிட்டிஷ் விமானப்படைக்காக 1948-இல் ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் நிறுவனம் செய்த மார்க் 11 கைக்கடிகாரம். பளபளப்பில்லாத கறுப்பு டயலும் ஒளிரும் பூச்சு நிரப்பிய முட்களும் கொண்ட அந்தக் கடிகாரத்தின் அகலம் 36 மி.மீ. மட்டுமே.

படிப்பதற்கான கண்ணாடியை அணிந்தால் இந்த மங்கல் நீங்கிவிடும். நீங்காதவை வேறு. கண்மணி சுருங்குவதாலும் வில்லை மஞ்சளாவதாலும் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே போய்ச் சேர்கிறது. வரும் ஒளியிலும் ஒரு பகுதி வில்லைக்குள் சிதறி, பார்க்கும் காட்சி முழுவதன் மீதும் வெண்மையாகப் படிகிறது. உயர்விலைக் கடிகாரங்களின் மெருகு இந்த இடத்தில்தான் எதிரியாகிறது. கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகு முள்ளுக்கென்று நிறம் கிடையாது. அது தனக்கு எதிரே இருப்பதைக் காட்டுகிறது. எதிரே சன்னல் இருந்தால் வெள்ளையாகவும், கறுப்புச் சட்டை இருந்தால் கறுப்பாகவும் தெரியும். வெள்ளி நிற டயலின் மேல் அந்த முள் வெளிச்சத்தைப் பிடிக்கும் கணத்தில் டயலோடு கலந்து மறைந்துவிடுகிறது. கறுப்பு டயலில் வெள்ளைப் பூச்சிட்ட முள், வெள்ளை டயலில் கறுப்பு அல்லது நன்கு கறுத்த நீல முள் ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இயந்திரம் தெரியும்படி டயலைக் குடைந்தெடுத்த கடிகாரங்கள் கைவினையில் வியக்கத்தக்கவை. ஆனால் மணி பார்ப்பதே நோக்கமாக இருப்பவருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயலுக்கு மேலே மூடியாக உள்ள சஃபையர் கண்ணாடி எளிதில் கீறல் படாதது. ஆனால் அது சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமாக ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.77 என்பதால் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 7.7 சதவீத ஒளி திரும்புகிறது. சாதாரணக் கண்ணாடியில் இது 4 சதவீதத்தை ஒட்டியது. மக்னீசியம் ஃபுளோரைடை சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் பூசினால், பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பச்சை ஒளியில் அந்தப் பிரதிபலிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வெளிப்புறப் பூச்சு கீறல் படக்கூடியது என்பதால் பல நிறுவனங்கள் உட்புறம் மட்டும் பூசுகின்றன. இரு பக்கமும் பூசியிருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

தேதியைப் படிக்க ரோலெக்ஸ் டேட்ஜஸ்டில் உள்ள, இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு வில்லை உதவும்; நேராகப் பார்த்தால் மட்டுமே. இரவுக்கு, பச்சையாக ஒளிரும் பூச்சை நீல ஒளிப் பூச்சைவிட விரும்பலாம். வயதால் மஞ்சளான கண்ணின் வில்லை நீலத்தைத்தான் அதிகம் விழுங்குகிறது.

கண்புரை காரணமாக மங்கினால் முதலில் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை. விழித்திரையின் மையமே பழுதுபட்டவர்களுக்கு முள்ளின் அகலம் ஓரளவுக்கு மேல் உதவாது. மணியையும் கால்மணியையும் நிமிடங்களையும் ஒலித்துச் சொல்லும் மினிட் ரிப்பீட்டர் கடிகாரங்கள் அவர்களுக்கு உண்டு, விலை கோடியைத் தாண்டக்கூடும் என்றாலும்.

கடைகளில் காட்சிப் பெட்டிக்கு மேலே எரியும் கூரிய விளக்குகள் மெருகேறிய முட்களை மின்னவைக்கவே பொருத்தப்பட்டவை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து நகர்ந்து, சன்னலோரத்தில் ஒருமுறையும் வெளிச்சம் குறைந்த மூலையில் ஒருமுறையும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோணத்திலாவது நிமிட முள் காணாமல் போனால், அதை வாங்க வேண்டாம்.