ரிலேக்குள் எரியும் வில்

புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவர் கோழிக்குஞ்சுக் கூட்டில் 2000 வாற்று ஹீற்றர் வைத்திருக்கிறாராம். 10 நிமிடம் எரிந்து 5 நிமிடம் அணையும்படி சைக்கிள் ரைமர் ஒன்றை இணைக்கலாமா என்று கேட்கிறார். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வன்னியில் மாடுகளே விறைத்துச் செத்தன. குஞ்சுகளுக்காக அவர் பயப்படுவது நியாயம்தான்.

இணைக்கலாம். உயிர்க்கம்பி ரைமரின் தொடுகைகள் வழியாக ஹீற்றருக்குப் போகவேண்டும். நொதுமற்கம்பியும் புவிக்கம்பியும் நேரே போகும். நொதுமலை வெட்டினால் ஹீற்றர் அணைந்திருக்கும்போதும் அதன் உள்கம்பியைத் தொட்டவரைக் கரண்ட் அடிக்கலாம். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 அம்பியர். ரைமரில் 10 அம்பியர் என்று போட்டிருந்தால், சரி, போதும் என்றுதான் தோன்றும்.

தொடுகைகள் பிரியும் கணத்தைப் பார்க்கவேண்டும். ரைமருக்குள் சுற்றை மூடித் திறக்கும் மின்காந்த ஆளிதான் ரிலே. அதன் தொடுகைகள் வெள்ளிக் கலப்புலோகத்தாலான இரண்டு சிறு பொட்டுகள். அவை விலகும்போது தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை அளவாகிறது. 8.7 அம்பியர் முழுவதும் அந்த முனை வழியாகவே போயாகவேண்டும். தூய வெள்ளி 962 பாகை செல்சியஸில் உருகும். அந்த முனை உருகி, இழையாக நீண்டு, கொதித்து அறுகிறது. அறுந்த இடத்தில் உலோக ஆவியும் காற்றும் அயனாகி, பல ஆயிரம் பாகை வெப்பத்தில் மின்வில் எழுகிறது. பொட்டுகள் பிரிந்துவிட்டன, மின்னோட்டமோ இன்னும் நிற்கவில்லை!

அதை அணைப்பது ஆடலோட்டமேதான் (AC). நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் வில்லுக்கு உணவில்லை. அதற்குள் இடைவெளி போதிய அளவு அகன்றிருந்தால் மறுபடி பற்றாது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. சோலார் பற்றரியின் நேரோட்டத்தில் (DC) இந்தப் பூச்சியமே கிடையாது. வில் எரிந்துகொண்டே இருக்கலாம். 250 வோல்ற் ஆடலோட்டத்தில் 10 அம்பியர் தாங்கும் பல ரிலேக்களில் நேரோட்டத்துக்கு 30 வோல்ற் மட்டுமே போட்டிருப்பது இதனால்தான்.

ஒவ்வொரு வில்லும் கொஞ்சம் உலோகத்தைத் தின்கிறது. 15 நிமிடச் சுற்று என்றால் நாளுக்கு 96 தடவை. முழுச் சுமையில் ஒரு லட்சம் தடவை தாங்கும் ரிலேயும், விடாமல் ஓடினால், மூன்று வருடத்துக்குள் தேய்ந்துவிடும். மூடும்போது துள்ளும் பொட்டுகள் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒட்டினால் ஹீற்றர் அணையாது. ஆகவே ரைமர், பெருஞ்சுமைக்கென்றே செய்த பெரிய ரிலேயான கொன்ராக்ரரின் சுருளை மட்டும் இயக்கட்டும். ஹீற்றரின் சுமையைக் கொன்ராக்ரர் சுமக்கட்டும். வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடம் கொடுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. நம் குஞ்சுக் கூடுகளுக்கேற்ற, மலிவான வெப்பக் கட்டுப்பாட்டைச் செய்துபார்க்க மாணவர்களுக்குச் சிறு நிதி ஒதுக்கவேண்டும். பெரிய கட்டடங்களுக்குக் கொடுப்பதைவிட அது பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், ரைமருக்கு வெப்பம் தெரியாது. மார்கழி விடியலுக்கும் பங்குனி மதியத்துக்கும் அதே 10 நிமிடம்தான் கொடுக்கும். முதல் வாரக் குஞ்சுகளுக்கு 33 முதல் 35 பாகை வரை வேண்டும். அதற்கு, வெப்பநிலையைப் பார்த்து இயங்கும் ஆளியான தேர்மோஸ்ற்றற்தான் சரி. அதோடு, கொன்ராக்ரரே ஒட்டிக்கொண்டாலும் ஹீற்றரின் கம்பியை நேரடியாக வெட்டும்படி, அதிவெப்பத்தில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் ஒன்றைத் தனியே பூட்டச் சொல்லுங்கள்.